கடிதத்தில் அம்மாவின் சாட்சியம்

ஸ்டுட்கார்ட்டில் அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த வருடம், மருத்துவம் படிக்க எனக்குக் கொஞ்சப் புள்ளிகள் போதாமல் போயின. இந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அதைப் போலப் பொல்லாதது வேறில்லை. நிறையக் குறைந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். விண்ணப்பித்த பல்கலைக்கழகங்கள் புள்ளியைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட, ஒன்றே ஒன்று மிஞ்சியது. அங்கே நேர்காணல் வைப்பார்கள். வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்காகவே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் தொண்டராகச் சேர்ந்தேன். கடிதம் நன்றாக அமைந்தால் மருத்துவம், இல்லாவிட்டால் வேறு ஏதாவது. அந்த வேறு ஏதாவது என்னவென்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வருடத்தை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். விடியப்புறத்து ட்ராமில் தூங்கி வழிந்துகொண்டு போவேன். வார்டுக் கதவைத் திறந்ததும் கிருமிநாசினி வாசனையும் கோப்பி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். படுக்கை விரிப்பேன், சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், இரத்த அழுத்தம் பார்ப்பேன், தொலைந்துபோன மூக்குக்கண்ணாடிகளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கால் கடுக்கும், ஆனாலும் வீட்டுக்குப் போக மனம் வராது. இப்போதெல்லாம் வேலை முடிந்தால் ஓடத்தான் பார்க்கிறேன்.

வார்டின் தலைமைத் தாதி சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஒரு ஜெர்மன் பெண்மணி. சொன்னதைச் செய்வார்; மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே நம்புவார். இந்த இரண்டாவது குணம்தான் பிறகு என் தலையில் விடிந்தது.

பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்த அம்மா, நத்தார் பண்டிகை நெருங்கியபோது ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்து வார்டுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்குச் சரியாக வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்று தன் ஜெர்மனில் சொல்லிக்கொண்டே நீட்டினார். தலைமைத் தாதி அதை நம்பி, மரியாதைக்காக ஒன்றின் நுனியை மட்டும் கடித்தார். பிறகு பெட்டி காலியாகும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எங்கள் தமிழ் வீடுகளில் மேசை நிறையச் சமைத்து வைத்துவிட்டு ஒன்றும் செய்யவில்லை என்போம்; வந்தவர் இதென்ன இவ்வளவு என்று பதறுவார். இரண்டு பேரும் தங்கள் பங்கைச் சொன்னால்தான் அந்தப் பேச்சு முழுமையாகும். பிள்ளைகள் விஷயத்திலும் அதே வழக்கம்தான். அன்றைக்கு அம்மா ரோல்ஸோடு சேர்த்து என்னையும் பரிமாறினார். மகள் சரியான மந்தம், ஒரு வேலையும் ஒழுங்காகத் தெரியாது, கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும் என்றார். மறுத்துச் சொல்ல வேண்டிய தலைமைத் தாதி, கவனத்தில் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வசந்தத்தில் தலைமைத் தாதியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். எழுதுகிறேன், அதற்கு முன் உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று நீயே குறித்துத் தா என்றார். அம்மா வளர்த்த பிள்ளை அல்லவா நான்? பலம் என்ற இடத்தில் நேரத்துக்கு வருவேன் என்று மட்டும் எழுதினேன். பலவீனம் என்ற இடத்தில் மெதுவாக வேலை செய்வேன், தன்னம்பிக்கை போதாது, கற்றுக்கொள்ள இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று பக்கத்தை நிரப்பினேன். வாசித்துவிட்டு, இதென்ன, நீ அப்படியான ஆள் இல்லையே என்று சொல்வார் என எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ என் நேர்மைக்கு நன்றி சொன்னார்.

யாரைப் பற்றி எழுதினாலும் அந்த ஆளிடமே காட்டிவிட்டுத்தான் அனுப்புவது தலைமைத் தாதியின் வழக்கம். கடிதத்தை என்னிடம் தந்தார். நான் நேரம் தவறாதவளாம். என் சொந்த மதிப்பீட்டின்படி மெதுவாக வேலை செய்பவளாம், தன்னம்பிக்கை குறைந்தவளாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: இதைத் தாயாரும் உறுதிப்படுத்துகிறார். தான் அப்படி எதையும் கவனிக்கவில்லை என்றும், ஆனால் என்னையும் என் தாயையும்விட என்னை அறிந்தவர் யார் என்றும் சொன்னார். பிழை ஏதும் இருந்தால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தபாலில் போய்விடும்.

ஒருவரின் முகத்தைப் பார்த்து நான் கெட்டிக்காரி என்று சொல்ல யாரும் என்னைப் பழக்கியதில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் எதிர்காலத்துக்குக் குழி வெட்டிய கடிதத்துக்கு நன்றி!

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது முதலில் தலைமைத் தாதிக்குத்தான் திட்டு விழுந்தது. இத்தனை மாதம் கூட வைத்திருந்தும் அவளுக்குக் கண் தெரியவில்லையா என்றார். கடைசி வரியைச் சொன்னேன். அம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார். எனக்கு அவர்மேல் கடும் கோபம். ஒரே ஒரு நாளாவது மகள் நல்லவள் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

மறுநாள் அம்மா லீவு போட்டுவிட்டு என்னோடு வார்டுக்கு வந்தார். சின்ன வயதிலிருந்து டாக்டரிடமும் அலுவலகங்களிலும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தது நான்தான். அதனால் தலைமைத் தாதியின் அறைக்குள் போனதும் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உடைந்த ஜெர்மனில் தானே பேசினார்.

"நான் அண்டைக்குச் சொன்னது பொய். எங்கட ஆக்கள் பிள்ளையைப் பற்றி அப்பிடித்தான் சொல்லுறது. இவள் நல்ல பிள்ளை."

பிறகு ஒரு கதை சொன்னார். அம்மாவின் மார்பில் கட்டி கண்டுபிடித்த நாள் அது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் இருந்தேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி விறுவிறென்று சொல்லி முடித்துவிட்டார். நான் உடனே மொழிபெயர்க்கவில்லையாம். முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கினேனாம். பிறகு கதிரையை அம்மாவின் முழங்காலோடு முட்ட இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, சிகிச்சை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நோயின் பெயரைச் சொன்னேனாம். இவள் சொன்னதால் தனக்குப் பயம் வரவில்லை என்றார் அம்மா. எனக்கு அந்தத் தண்ணீர் நினைவில் இல்லை. அம்மா இத்தனை வருடம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்ததும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைமைத் தாதி என்னிடம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். ஆம் என்றேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வேறெந்தச் சொல்லையும் சொன்னதில்லை. அவர் பழைய கடிதத்தை ஒதுக்கிவிட்டு, இம்முறை யாரையும் கேட்காமல், தான் கண்ணால் கண்டதை எழுதினார். நேர்காணலும் முடிந்து, கோடையில் எனக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அம்மா பேசிய அன்று பின்னேரத்தைத்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னைக் குசினியில் நிற்க வைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றி நாவூறு கழித்தார். அடுப்பில் போட்ட மிளகாய் புகைந்து, கூரையில் இருந்த புகை அலாரம் வீடதிர அலறியது. நான் கதிரையில் ஏறி அதை நிறுத்திவிட்டு, இருமிக்கொண்டே, யாருடைய கண் பட்டதென்று இந்தக் கூத்து என எரிந்து விழுந்தேன்.

அம்மா யன்னலைத் திறந்துகொண்டே சொன்னார். "பெத்தவளின்ர கண்தான், பிள்ளை, எல்லாத்திலும் பொல்லாதது. இவ்வளவு காலமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனான். இண்டைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."