வாப்பா பழக்கிய மூன்று வாத்துகள்

தவிட்டில் சுடுதண்ணீர் ஊற்றிப் பிசையும்போது லேசாகப் புளித்த, இனிப்பான ஒரு வாசனை வரும். அப்போதெல்லாம் காலையில் அந்த வாசனை வந்தால், வாப்பா பின்கட்டில் வாத்துகளோடு இருக்கிறார் என்று அர்த்தம்...

சவூதியில், தமாமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, நான் தென்காசியில் காலேஜ் சேர்ந்த சமயம் “இனிப் போகலை” என்று வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு செல்போன் கடை போட்டார்.

ஆனால் வீட்டில் எங்களோடு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும்தான். போனில் பேசிய வாப்பா வேறு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாப்பா வேறு. “சாப்ட்டியாம்மா?” “ம்...” அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் கீழப்பாவூர் பக்கம் போனவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே மூன்று வாத்துக்குஞ்சுகள். வயலில் வாத்து மேய்ப்பவர்களிடம் வாங்கினாராம். தமாம், ஜித்தா, ரியாத் என்று பேர் வைத்தார்.

அவை கொஞ்சம் வளர்ந்ததும் பழக்க ஆரம்பித்தார். நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். விசில் அடித்தால் வரிசையாக வர வேண்டும். பேர் சொன்னால் அந்த வாத்து மட்டும் பலகையில் ஏறித் தண்ணீரில் குதிக்க வேண்டும். கடைசியில் கயிற்றை இழுத்து சைக்கிள் பெல்லை அடிக்க வேண்டும். கூலி, ஊறவைத்த கோதுமை.

ஜித்தா சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ரியாத்துக்கு எதுவும் ஏறாது.

“ஏலே ரியாத்து! எங்கனலே பராக்குப் பாக்குத? ஒன்னத்தாம்லே கூப்பிடுதேன்!”

உம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: “பிள்ள கிட்ட ரெண்டு வார்த்தை பேசுத மாதிரி இல்ல. வாத்து கிட்ட நாள் பூரா பேசுதாங்க.”

சிரிப்பாக இருக்கும். ஒருநாள் நானும் கோதுமைக் கிண்ணத்தோடு போய் நின்றேன்.

“கையத் தூக்காதம்மா. தூக்கினா அதுக்குக் கழுத்துதான் நீளும், காலு நகராது. பலகை மேல வை... ஆங், அப்படித்தான்.”

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அப்புறம் தினமும் பின்கட்டில்தான் இருப்போம். வாத்தைப் பற்றிப் பேசிப் பேசி, என் காலேஜ், அவருடைய தமாம் ரூம், அங்கே தனியாகக் கழிந்த பெருநாட்கள்... எல்லாம் பேசினோம்.

சாரல் சீசனில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். குற்றாலத்துக்கு வாத்துகளையும் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். ஐந்தருவிக்குக் கீழே ஓடை ஓரமாக வாப்பா பலகையை வைத்து விசில் அடித்தார். குளிக்க வந்த கூட்டம் சுற்றி நின்றது. ரியாத் பாதிப் பலகையில் வழுக்கி, அப்படியே உட்கார்ந்தபடி தண்ணீருக்குள் போனது. அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

சிரித்தால் வாப்பாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷமே கடை படுத்துவிட்டது. பழைய கம்பெனியிலிருந்து விசா வந்தது... போய்விட்டார்.

நான் விசில் அடித்தால் வாத்துகள் வரும், வந்து நிற்கும், அவ்வளவுதான். பலகையில் ஏறாது. வாப்பாவிடம் சொன்னேன். “போனை ஸ்பீக்கர்ல போடும்மா” என்றார். அங்கிருந்து விசில் அடித்தார்.

மூன்றும் அலறிக்கொண்டு ஓடி வந்தன. போனைச் சுற்றின. அப்புறம் வாசல் கேட்டுக்கு ஓடின, கழிப்பறைப் பக்கம் ஓடின, திரும்பவும் கேட்டுக்கு. அன்றைக்குத் தீனியே தொடவில்லை. மறுபடி அவர் போனில் விசில் அடித்தபோதும் அதே கதைதான்.

உம்மா போனை வாங்கிச் சொன்னாள்: “இனிமே விசில் அடிக்காதீங்க. அதுக உங்களைத் தேடி அலையுதுக. பாக்க முடியல.”

அந்தப் பக்கமிருந்து வாப்பா “சரி” என்றார்.

என் கல்யாணத்துக்கு முன்னால் வாத்துகளைக் கடையத்தில் பெரியவாப்பா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். அங்கே குளமும், வேறு வாத்துகளும் உண்டு. லீவில் வந்ததும் வாப்பா முதல் வேலையாக என்னைக் கூட்டிக்கொண்டு கடையம் போனார். குளக்கரையில் நின்று விசில் அடித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஒரு வாத்துகூடத் திரும்பவில்லை. எது ஜித்தா, எது ரியாத் என்று அவருக்கே தெரியவில்லை.

“நல்லாத்தான் இருக்குதுக” என்றார்.

இப்போது வாப்பா ஒரேயடியாக ஊரோடு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார்; நானும் மகளும் வாப்பா வீட்டில்தான். அன்றைக்கு ஸ்பீக்கரில் குரல் மட்டும்தான், இன்றைக்கு வீடியோ காலில் முகமும் தெரிகிறது. என் மகள் திரைக்கு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.

போன வாரம் அவருடைய வேலைக் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பதைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சில் ஒருநாளும் தலையிடாத வாப்பா, கை நீட்டி என்னிடம் போனை வாங்கினார்.

“மாப்ளே... போதும். வந்துருங்க.”

“இன்னும் ரெண்டே வருசம் மாமா. புது வீட்டு வேலை முடியட்டும்.”

வாப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு, சாரலில் நனைந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனார்.