தரைக்கு நாலு விரல் மேலே

லிஃப்ட் ரிப்பேர்காரர் வாயைத் திறந்தால் வம்புதான். அது ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால்தான் மனுஷன் தலை நரைத்த பிறகு கிடார் வாங்கினார். கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிற கார்டுகளில் சந்தோஷத்துக்கு மேஜர், துக்கத்துக்கு மைனர், மனசு தவித்தால் செவன்த் என்று யாரோ வீடியோவில் சொல்லிக்கொடுக்க, 'அடடா, பேசாமலே பிழைச்சுக்கலாம் போலிருக்கே!' என்று பூரித்துப்போனார். சாப்பாடு ருசித்தால் மேஜர். மாமியார் வந்தால் மைனர். மாமியாருக்கு அது புரியாதவரைக்கும் நல்லதுதானே!

அப்படிப்பட்டவர் ஒருநாள் வாயைத் திறந்துவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் ஒரு மெட்டை முணுமுணுப்பாள். எந்தப் பாட்டும் இல்லை, அவளாகக் கட்டிக்கொண்டது. துணி கொடுக்க வந்த நாலு பேர் நடுவில், கிடாரும் கையுமாக வந்து நின்றவர், "மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா உனக்குச் சுருதி இறங்குது. என் கிடாரோட ஒட்டவே மாட்டேங்குது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். யாருக்கு வேணும் அந்த நல்லெண்ணம்? வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் தலைகுனிந்து ஊசியில் நூல் கோத்தாள். அன்றோடு பாட்டு நின்றது.

பேச்சு நிற்கவில்லை, அதுதான் கொடுமை. "சாப்பிடுங்க", "சாவியை எடுத்துக்கிட்டீங்களா" எல்லாம் ஒழுங்காக வந்தது. மிஷின் மட்டும் தனியாகக் கடகடத்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் மேல் நம்பிக்கை இல்லாமல் கிடாரை எடுத்தார். தெரிந்த மைனர் எல்லாவற்றையும் இழவுக்குக் கூட்டிவைத்த மாதிரி வரிசையாக அழவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிய மச்சினன், "ஐயோ மாமா, யாரு போயிட்டாங்க?" என்று பதறினான்.

"யாரும் போகலடா. உங்க மாமா வாசிக்கிறாரு" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் வேலைக்குப் போன கட்டடத்தில் லிஃப்ட் தரைக்கு நாலு விரல் மேலே நின்றிருந்தது. உள்ளே இருந்த அம்மாள் இறங்க மறுத்துவிட்டாள். "சும்மா காலை வைங்கம்மா." "வைக்க வரலப்பா! சரியா நிறுத்து, இறங்குறேன்." லிஃப்ட்டைக் கீழே இறக்கித் தரையோடு சேர்த்தவருக்குப் பொறி தட்டியது. செவன்த் கார்டும் இதே ரகம்தான். பாட்டு வீடு வந்துசேர ஒரே அடி இருக்கும்போது நிறுத்திவிடும். அந்த அடி விழும்வரை கேட்கிறவருக்கு இருப்புக்கொள்ளாது.

சாயங்காலம் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய மெட்டையே வாசித்தார். கடைசி இடத்தில் செவன்த்தைப் போட்டு, கம்பிமேல் கையை வைத்து அமுக்கிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் அமுக்கல். மிஷின் தடுமாறியது, தையல் கோணியது.

"ஏங்க, அதை முடிச்சுத் தொலைங்களேன்!"

"முடிவு என்கிட்ட இல்லையே. உன் மெட்டாச்சே."

நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். முறைத்தாள். ஆனாலும் தொண்டை சும்மா இருக்கவில்லை, அந்தக் கடைசிச் சுரம் தானாக வந்து விழுந்தது. பழையபடி கிடாருக்குக் கீழேதான்.

அவர் வாயைத் திறந்தார். நல்லவேளை, மூடிக்கொண்டார். லிஃப்ட் மேலே நின்றால் எந்த மடையனாவது தரையைத் தூக்குவானா? கிடார் ஆணிகளைத் திருகி, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, அவள் குரலுக்கு இறக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"சுருதி தப்பா இருந்துச்சு."

"யாரோட சுருதி?"

"என்னோடதுதான்."

அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "நாளைக்கு அந்த நாலு பேரும் துணி வாங்க வருவாங்க. இதை அவங்க முன்னாடி சொல்லணும்."

"வாசிச்சுக் காட்டிடுறேனே?"

"அதெல்லாம் வேணாம். சொல்லணும்."

மறுநாள் மனுஷன் கிடாரை உள்ளறையில் வைத்துவிட்டு வந்தார். நாலு பேர் முன்னால் நின்று, வாயைத் திறந்து சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மிஷின் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு தொடங்கிவிட்டது.