மணி கேட்கும் கம்ப்யூட்டர்

குத்தாலத்தில் நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டருக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் 'டைம்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் மணி காட்டும். காட்டிவிட்டுச் சும்மா இருக்காது, புது நேரம் என்னவென்று நம்மையே கேட்கும். மணி தெரிந்திருந்தும் எதற்கு நம்மைக் கேட்கிறது என்று எனக்கு ஒரே குடைச்சல். கரண்ட் போய் வந்தால் அதற்கு எல்லாம் மறந்துவிடும், என் வாட்சைப் பார்த்து நான் அடிப்பதைத்தான் அது நம்புகிறது என்பதெல்லாம் பிறகுதான் பிடிபட்டது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்து விட்டார்கள். மதியம் பன்னிரண்டு வரை பெரிய வீட்டு வயலுக்கு, பிறகு கடைமடைக் குத்தகைக்காரர்களுக்கு. அப்பாவும் அவர்களில் ஒருவர். எங்கள் பயிர் வாடத் தொடங்கியிருந்தது. ஆட்சி மாறி, குத்தகைச் சட்டமெல்லாம் வந்தும், மடை மட்டும் பெரிய வீட்டுக் காரியக்காரரின் வாட்சுக்குத்தான் கட்டுப்பட்டது. அந்த வாட்சுக்குப் பன்னிரண்டு ஆக மனசே வராது.

ஒருநாள் சண்டை முற்றி, அப்பாவும் காரியக்காரரும் சென்டருக்கே வந்துவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க. அது சொல்ற மணிக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுவோம்" என்றார் அப்பா. காரியக்காரரும் சரியென்றார்.

நான் அடித்தேன். பன்னிரண்டு தாண்டியிருந்தது. கீழே அந்தக் கேள்வியும் வந்து நின்றது. காரியக்காரருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.

"ஏம்மா, இது ஏன் நம்மகிட்ட மணி கேக்குது?"

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "காலையில என் வாட்சைப் பாத்து நான்தாங்க அடிச்சு விட்டேன்" என்றேன்.

"அப்ப இது உங்கப்பா வீட்டு மணி" என்று அவர் எழுந்து போய்விட்டார். அன்றும் மடை தாமதமாகத்தான் திரும்பியது. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா வந்தார். கையில் எங்கள் வீட்டு ரேடியோ. பின்னாலேயே காரியக்காரர்.

"நேத்து கம்ப்யூட்டருக்குக் கட்டுப்படுறேன்னீங்க. யாரு மணி சொல்லிக் குடுக்கறதுங்கறதுதானே சண்டை? இன்னைக்கு ரேடியோ சொல்லட்டும்" என்றார் அப்பா.

பன்னிரண்டு என்று அடித்து வைத்துக் காத்திருந்தேன். ரேடியோவில் பீப் பீப் என்று வந்தது. கடைசி பீப்பில் என்டரைத் தட்டினேன். காரியக்காரர் தன் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அதன் திருகைத் திருக ஆரம்பித்தார். நிறையவே திருக வேண்டியிருந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்க்க ஆசையாகத் திரும்பினேன். ரேடியோ மட்டும் மேஜை மேல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. வாசலில் அவர் சைக்கிள் இல்லை. அப்பா மடைக்குப் போய்விட்டிருந்தார்.