வெயிலுக்குக் காத்திருந்த ஆடுகள்

புல் நுனியில் இருந்த பனித்துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். உள்ளே நூலைவிட மெல்லிய புழுக்குஞ்சுகள் நெளிந்தன. ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழுவின் வாரிசுகள். புழுக்கையோடு வெளியே வந்த முட்டையிலிருந்து பொரிந்து, ஈரத்தைப் பிடித்துப் புல்மேல் ஏறி, அடுத்த ஆட்டின் வாய்க்காக நின்றன. அப்போதுதான் வாசலில் அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஏனுங்க, இப்பவே ஆட்டை அவுக்காதீங்க. பனி காயட்டுமுங்க."

சுரீரென்றது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கம் வீடு தவறாமல் சொல்வதுதான். ஆனால் அது புழுவைத் தடுக்கும் வழி என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. என் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. இதை எங்கே செய்து பார்ப்பது? ஈரமும் புழுவும் அதிகமுள்ள மூணாறில்தான்!

அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா ஆடு வளர்த்தார். எல்லா ஆட்டுக்கும் முதலில் புழு மருந்து கொடுத்தேன். பிறகு ஒரே ஒரு விதி சொன்னேன்.

"வெயில் அடிச்சப்புறம்தான் அவுத்து விடணும்க்கா. ஈரப்புல்லுலதான் புழு இருக்கும்."

"அம்புட்டுதானா? செஞ்சிருவோம் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லக்கா. இன்னும் படிக்கிறேன்."

"புழுக்கையை இப்படி ஆசையா வாங்கிட்டுப் போறீங்க. டாக்டர் இல்லாம வேற யாரு?"

அதன்பின் நான் ஊரிலிருந்தே வேலையை நடத்தினேன். அக்கா புழுக்கையை டப்பாவில் அடைத்து ஜீப்பில் கொடுத்தனுப்புவார். ஒவ்வொரு டப்பாவிலும் முட்டை குறைவு. துள்ளிக் குதித்தேன். கருத்தரங்குக்கு, முட்டை குறைந்ததைக் காட்டும் படங்கள்கூடத் தயார் செய்துவிட்டேன்.

போன வாரம் மேலே போனேன். மழைக்காலம். மூடுபனியில் எதிர் லயம் தெரியவில்லை. கொட்டகையில் ஆடுகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சினை ஆடு ஒன்று மூலையில் படுத்துப் பல்லை நறநறவென்று கடித்தது. இலையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னக்கா, மேய விடலையா?"

அவர் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எங்க விட்டா? ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் புல்லறுத்துட்டு வந்தா, ஈரமா இருக்குன்னு தூக்கி எறியிறா."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா வெயில் அடிச்சப்புறம்னு சொன்னீங்க. வெயிலுதான் அடிக்கவே இல்லையே. கஞ்சித்தண்ணியும் கொஞ்சம் காஞ்ச இலையும் குடுத்துச் சமாளிச்சேன். சரியாத்தானே செஞ்சேன்?"

குரலில் குறையே இல்லை. அதுதான் தாங்கவில்லை. எங்கள் ஊரில் காப்பி குடித்து முடிப்பதற்குள் பனி காய்ந்துவிடும். அந்த வெயிலை நம்பி இந்த மலைக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். வயிற்றுக்குள் புல்லே போகவில்லை, புதுப் புழு எப்படிப் போகும்? நான் கொண்டாடியது பட்டினியை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த கவலை ஆட்டைப் பற்றியதல்ல. அந்தப் படங்களை இனிக் காட்ட முடியாதே என்பதுதான்.

"தப்பு என்னோடதுக்கா" என்றேன்.

அவர் நம்பவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும், மழையா கொட்டும்னு?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் படிக்கிறேன்.

மற்ற ஆடுகளை அப்போதே அவிழ்த்து விட்டோம். சினை ஆட்டுக்கு வெல்லத்தண்ணீர் புகட்டினோம். வயிற்றில் இரண்டு குட்டி இருக்கும் போலிருக்கிறது, தாய் பிழைக்குமா என்று ஈனும்வரை சொல்ல முடியாது என்றார் வந்து பார்த்த கால்நடை மருத்துவர். இன்று காலை அக்கா போனில், "ரெண்டு வாய் தின்னுச்சு. ஆனா எந்திரிக்கலை" என்றார்.

கருத்தரங்கில் பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். நாளை மூணாறு பஸ் ஏறுகிறேன். ஈரப்புல்லை நானே அறுத்து, அக்காவின் அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தி, அந்த ஆட்டுக்குக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். அதில் புழு சாகுமா, தெரியவில்லை. சாகாவிட்டாலும் போடத்தான் போகிறேன். முதலில் அது எழுந்து நிற்கட்டும்.