இன்னும் வளராத குட்டி

என் மகள் அந்த நாயைக் காரிலிருந்து இறக்கிவிட்டபோது அது பெரிய பூனை உயரம்தான் இருந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் பழுப்பாக ஒரு திட்டு, மடிந்த காதுகள்.

“டெரியர்மா. வாடகை வூட்டு ஓனர் நாய் வெச்சிக்கக் கூடாதுன்னுட்டாரு. நாங்க சொந்தமா வூடு வாங்கற வரிக்கும் இங்க இருக்கட்டும். வாங்கினதும் வந்து கூட்டிக்கினு போயிடறேன்” என்றாள்.

என் கணவர் கேட்டது ஒரே கேள்வி. “குட்டியா?”

“ஆமா நைனா, குட்டிதான்.”

அந்த ஒரு வார்த்தை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சென்னையில் மகளிடம் இருந்தபோது அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. இங்கே எல்லோரும் குட்டி என்றே கூப்பிட்டோம், அதுவும் குட்டி என்றால்தான் திரும்பியது.

எங்கள் ஊர், உத்திரமேரூர் வட்டாரத்தில் பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கம். நெல்லும் கொஞ்சம் வேர்க்கடலையும் போடுகிறோம். கடலைக்குக் காட்டுப்பன்றி வரும். அதை விரட்ட ஒரு பெரிய நாய் வேண்டும் என்பது இவருக்கு வெகுநாள் ஆசை. பட்டணத்து ஜாதி நாய், வளர்ந்தால் கன்றுக்குட்டி உயரம் வரும் என்று டீக்கடையில் பெருமை அடித்துவிட்டு வந்தார். வந்த கையோடு ஊட்டவும் ஆரம்பித்தார். காலையில் கேழ்வரகுக் களி, மதியம் முட்டை சோறு, சாயந்திரம் பால். எனக்கு ஒரு வாய் காப்பி கலந்து தராத மனுஷன், நாய்க்குக் களியை உருட்டி ஆற வைத்து ஊட்டுவார்.

குட்டி வளரவில்லை. மாட்டுத் தொட்டியோரம் நிறுத்தி அளந்து பார்ப்பார். போன மாசம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். ஊரில் போவோர் வருவோரெல்லாம், “இன்னாபா, உன் கன்னுக்குட்டி எப்ப வளரும்?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கேட்டுக் கேட்டே கண்ணு போட்டுட்டானுங்க என்று முடிவு கட்டினார் இவர். அமாவாசைக்கு அமாவாசை குட்டியைக் கிழக்கு பார்த்து உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட வேண்டும். சுற்றுவது என் வேலை. காரமே கமறாவிட்டால் திருஷ்டி பலமாக இருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள் எங்கள் பக்கம். குட்டியோ தும்மு தும்மு என்று தும்மும். “பாத்தியா, நாய்க்குக் கமறுது, மனுஷனுக்குக் கமறல. அவ்ளோ கண்ணு!” என்பார் இவர், தானும் இருமிக்கொண்டே. கழுத்தில் கறுப்புக் கயிறும், அதில் ஒரு படிகாரத் துண்டும் ஏறின.

கடைசியில் உயரத்துக்குப் பதில் குட்டி பருமனில் வளர்ந்தது. பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்கு மொபெட்டில் தூக்கிக்கொண்டு போனோம். வளர்வதற்கு ஒரு டானிக் எழுதித் தரும்படி இவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்.

டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“யாருங்க இத குட்டின்னு சொன்னது? அஞ்சு வயசுக்குக் கொறையாது. இந்த ஜாதி ஒரு வயசுலயே வளந்து முடிச்சிடும். இனிமே வளந்தா பக்கவாட்டுலதான் வளரும். சோத்தக் கொறைங்க, நல்லா ஓட விடுங்க.”

வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டதும் சிரித்துவிட்டாள். வேலைக்குப் போன புதிதிலேயே வாங்கி, எங்களுக்குத் தெரியாமல் வளர்த்திருக்கிறாள். சம்பளக் காசில் நாய் வாங்கினேன் என்றால் நைனா திட்டுவார், வளர்ந்த நாய் என்றால் வீட்டில் சேர்க்கமாட்டார், குட்டி என்றால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பெற்ற அப்பனை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறாள். ஒரு வாரம் இவர் டீக்கடைப் பக்கமே போகாமல் வீட்டிலேயே டீ கேட்டார்.

மானத்தைக் காப்பாற்றியது குட்டிதான். உடம்பு இளைத்ததும் அதன் குணம் வெளியே வந்தது. அறுவடைக்கு முன்னால் வரப்பில் எலி வளையைப் பார்த்துவிட்டால் போதும், வாலை மட்டும் வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்விடும். எலியைப் பிடித்து ஒரே உதறு. பக்கத்துக் கழனிக்காரரே, “உன் நாயக் கொஞ்சம் அனுப்பேன்பா” என்று கேட்டு வந்தார். குட்டி தோண்டித் தோண்டி வரப்பை உடைத்துத் தண்ணீரை அவர் கழனிக்குத் திருப்பிவிட்ட நாளில் அவரே, “மொதல்ல அதக் கட்டிப் போடு” என்றும் வந்தார். இவர் மண்வெட்டியோடு வரப்பை அடைத்துக்கொண்டே ஊரெல்லாம் குட்டியின் பெருமையைப் பேசினார்.

நானும் அதைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். மழைக்காலத்தில் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். சேறு காய்ந்ததும் பிரஷ்ஷால் முடியைச் சீவினால் போதும், தினம் குளிப்பாட்டத் தேவையில்லை. நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. பல் தேய்க்கத்தான் பெரும்பாடு. இவர் பிடித்துக்கொள்ள நான் தேய்ப்பேன். மூன்று பேர் வாயிலும் நுரை வராத குறை.

இப்படியே ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. வெள்ளை முகத்தில் நரை தெரியாது. அதனால் அதற்கு வயசாகிறது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. மொபெட் கிளம்பினால் தாவி முன்னால் ஏறி நிற்கிற நாய், ஒரு நாள் தாவாமல் கீழே நின்று வண்டியையே பார்த்தது. இவர் இறங்கி, தூக்கி வைத்துக்கொண்டு போனார். அப்புறம் தினமும் தூக்கித்தான் வைத்தார்.

கூப்பிட்டால் வராமல் போனபோது, “கோவிச்சிக்கினு கீது” என்றார். கோபமில்லை, காது போயிருந்தது. தரையில் காலைத் தட்டினால் அதிர்வில் திரும்பும். கண்ணிலும் நீலம் பாய்ந்தது. அதனால் கட்டிலையும் குடத்தையும் இடம் மாற்றுவதில்லை. சோற்றைக் குழைய வடித்து, கோழி வேகவைத்த தண்ணீரில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறேன். தூங்கும்போது கால் மட்டும் ஓடும், கனவில் எலி போலிருக்கிறது.

போன மாசம் மகள் சொந்த வீட்டுக்குக் குடிபோனாள். சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பழைய பேச்சு. வாங்கினதும் கூட்டிக்கினு போயிடறேன். இவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. அவள் நாய், அவள் கேட்டால் எந்த வாயால் மாட்டேன் என்பது?

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தாள். பின்சீட்டில் புது மெத்தை. வாசலில் நின்று, “குட்டி!” என்று கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. மகளின் முகம் வாடிவிட்டது.

“என்ன மறந்துட்டாம்மா.”

“மறக்கலடி, காது கேக்கல” என்று நான் தரையில் காலைத் தட்டினேன். குட்டி திரும்பியது. மூக்கை நீட்டிக் காற்றை மோந்தது. அடுத்த நொடி எங்கிருந்துதான் அந்தத் துள்ளல் வந்ததோ, குனிந்து உட்கார்ந்த அவள் மடியில் கிடந்தது. அவள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. குட்டி அவளோடு போய்விடும் என்றே நினைத்துக்கொண்டேன்.

இவர் மாட்டுத் தொட்டியோரம் நின்று துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்.

“இப்பவே இன்னாம்மா அவசரம்? அது குட்டிம்மா. கொஞ்சம் வளரட்டும், அப்புறமா கூட்டிக்கினு போ.”

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காருக்குப் போய், அந்தப் புது மெத்தையை எடுத்து வந்து எங்கள் கட்டிலோரம் போட்டாள்.