டாக்டரிடம் மறைத்த அரை நிமிடம்

என் மனைவிக்கு என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் பொய் சொன்னேன். பதற்றத்தில் அல்ல, தெரிந்தே சொன்னேன்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கிரில் கேட்டைச் சாத்தும்போது அவளுடைய சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. சின்னக் காயம்தான். நகக்கண்ணில் கொஞ்சம் ரத்தம். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லியபடி படியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். கண்கள் மேலே செருகின. பல் கிட்டிக்கொண்டது. கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான், சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தேன். வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரை நிமிடம் இருக்கும். கண் விழித்தவள், "சாவி எதுக்குங்க?" என்றாள்.

"மயங்கிட்டே. பயத்துல என்ன செய்றதுன்னு தெரியல" என்றேன். இழுத்ததைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரிலிருந்து எங்கள் சின்ன மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். தாய்க்கு வலிப்பு என்ற பேச்சு வெளியே போனால் இந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, அடுத்ததும் வராது என்று நினைத்தேன். அதனால்தான், "கை கால் ஏதாவது இழுத்துச்சுங்களா சார்?" என்று டாக்டர் கேட்டதும், "இல்லைங்க, ரத்தத்தைப் பார்த்து மயக்கம்" என்றேன். விரலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்தது. நிச்சயமும் ஆனது. எனக்குத்தான் வீட்டில் உட்கார முடியவில்லை. அவள் அடுப்பருகே நின்றால் நானும் போய் நின்றேன். தெருவைக் கடந்தால் கூடவே கடந்தேன். அவள் குளிக்கும்போது வெளியே நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்து, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால், "சோப்பு இருக்கா?" என்று ஏதாவது கேட்பேன்.

"என்ன, புதுசாக் கல்யாணம் ஆனவர் மாதிரி பின்னாலேயே சுத்துறீங்க? பக்கத்து வீட்டுல சிரிக்கிறாங்க" என்பாள்.

நாற்பது நாள் போலத் தாங்கினேன். பிறகு உடம்பு ஓய்ந்துவிட்டது. ஒரு காலை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் அடுப்பை அணைத்தாள்.

"வந்தவங்ககிட்ட மறைச்சீங்க, சரி. டாக்டர்கிட்ட மறைச்சீங்க. எனக்கே சொல்லலையே? இழுத்தது என் கைதானே?"

அன்றே கே.கே. நகருக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? சம்பந்தியம்மாவை முதல்ல நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். எதற்குப் பயந்து மறைத்தேனோ, அது அங்கே இல்லவே இல்லை.

மறுநாள் பழைய டாக்டரிடமே போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை விநாடி என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டதில் பார்த்தது கலைந்துபோயிருந்தது.

"பார்த்தது நீங்க ஒருத்தர்தான் சார். வலியில மயங்குறவங்களுக்கும் சில சமயம் கை வெட்டும். வலிப்பாவும் இருக்கலாம். அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்" என்றார். தலையை ஸ்கேன் செய்தார்கள், ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது என்றும் சொன்னார்கள்.

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. என் மனைவிக்கு இதுவரை மறுபடி வரவில்லை. டாக்டரிடம் இப்போது அந்த மகளுடன்தான் போகிறாள். நானும் கிளம்பினால், "நீங்க இருங்க, நாங்க போயிட்டு வரோம்" என்கிறாள். திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்பேன். "நல்லா இருக்கேன்னார்" என்பாள். அவ்வளவுதான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் நான் கேட்பதில்லை.