நீலம் கலந்த மரவள்ளி மா

எழுபதுகளின் தொடக்கத்தில் கிண்ணியாவில் ஒரு சிறிய பாடசாலையில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. திருகோணமலையிலிருந்து காலையில் படகில் துறை கடந்து போய்ப் பின்னேரம் திரும்புவேன். கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு; மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில்தான் எல்லா வீடுகளிலும் ரொட்டி. எங்கள் வீட்டிலும் அதேதான். ஆனால் அப்பா அரசாங்க உத்தியோகத்தர். மா இல்லாத நாளை நான் கண்டதில்லை.

திண்மம், திரவம் என்று கரும்பலகையில் எழுதினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. மரவள்ளி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறினால் அது சவ்வு போல இழுபடும், உருட்டினால் உருளும், விட்டால் வழியும். அதை அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும் என்று ஆளுக்கு ஒரு பிடி மா கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் ஆறு பேர் வெறுங்கையோடு வந்தார்கள்.

"மறந்திட்டம் டீச்சர்."

கோபத்தில் அவர்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டேன். ஒரு சிறுமி மட்டும் வெறும் பால் தகரப் பேணி நிறைய மா கொண்டு வந்திருந்தாள். "பாருங்கோ, இவளைப் போல இருக்க வேணும்" என்று பேணியை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினேன்.

எல்லா மாவையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிநீர் ஊற்றி, துணிக்குப் போடும் நீலத்தையும் கரைத்துக் கலந்தேன். நீலக் களி விரல்களுக்கிடையே வழிய வழிய வகுப்பே சிரித்தது. சுவரோரம் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மணியடித்த பிறகும் அந்தச் சிறுமி போகவில்லை.

"டீச்சர், என்ட மாவத் தாறீங்களா? படிச்சு முடியத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லி உம்மா சொன்னவ."

அவளுடைய மா முழுவதும் நீலக் களியாகிப் போயிருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட தாய் சிரிக்க முயன்றார்.

"நான்தான் பிழையா விளங்கிட்டன் டீச்சர். பாடத்துக்குக் காட்டிப்போட்டுத் தருவீங்க எண்டு நினைச்சன். காத்தால இவ வாப்பா கடலுக்குப் போகாம நாலு நாள். அதான் ராவைக்கு வச்சிருந்த மா."

நான் மன்னிப்புக் கேட்டது அவருக்குக் கேட்டதோ தெரியாது. அவர் வேலிப் பக்கம் போய், "ராத்தா, ஒரு கை மா இருக்கா?" என்று குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சட்டியோடு வந்தார். அதன் அடியில் கொஞ்சம் மா. "எங்களுக்கும் இவ்வளவுதான் கிடக்கு. பாதிப் பாதி எடுப்பம்" என்று அதில் பாதியைக் கொட்டினார்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பின்னால் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. காலையில் நான் சுவரோரம் நிறுத்திய ஆறு பேரில் ஒன்று. என்னைக் கண்டதும் முகத்தைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை எதையும் மறந்திருக்கவில்லை. வீட்டில் இல்லை என்று வகுப்பில் சொல்ல மனமில்லாமல்தான் மறந்ததாகச் சொல்லியிருக்கிறது.

அடுத்த நாள் வீட்டிலிருந்து மா கொண்டுபோய் இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். சங்கடப்படாமல் வாங்கிக்கொண்டார்கள். சங்கடம் எனக்குத்தான். வகுப்பில் அந்த ஆறு பேரையும் முன்னால் அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர்களுக்கு அது எவ்வளவு விளங்கியதோ!

அதற்குப் பிறகு பல வருடங்கள் படிப்பித்தேன். "மறந்திட்டன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏன் என்று மற்றவர்கள் முன்னால் நான் கேட்டதே இல்லை.